ஒரு பருவம் முன்னே நடந்த வீடு



தை மாதக் கடைசி இது. வெளியே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் பேசுவதற்குப் பொருத்தமான பொருளாகத்தான் விழாக் குழுவினர் கொடுத்திருக்கிறார்கள்: மாறும் பருவங்களும் வீட்டு வாழ்க்கையும். போர்களைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் இந்த மண்டபத்தில் நிறையப் பேசியாயிற்று. இன்றைக்கு உப்பு ஜாடியைப் பற்றியும், மொட்டை மாடியைப் பற்றியும், நெல் கொட்டிவைத்த பத்தாயத்தைப் பற்றியும் பேச வேண்டும். அவற்றைக் காத்து நின்ற பெண்களைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது தொல்காப்பியம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த வரிசைதான்.

ஆனால் அடுப்பங்கரையில் ஒரு வரிசை இருந்ததே, அதை எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது? அந்த வரிசை எப்போதும் ஒரு பருவம் முன்னால் ஓடியது. வெளியே வெயில் காயும்போது வீடு மழைக்கு வேலை செய்தது. வெளியே மழை கொட்டும்போது வீடு வெயிலைத் தின்றது. வெயிலை எப்படித் தின்பது என்று கேட்கிறீர்களா? சுட்ட அப்பளத்தையும், வற்றல் குழம்பையும், மோர் மிளகாயையும் தின்றவர்கள் எல்லோரும் வெயிலைத் தின்றவர்கள்தான்.

ஏன் இப்படி ஒரு பழக்கம் வந்தது? வானத்தைப் பார்த்தால் தெரியும். இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் மாதத்தில் நனைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அப்போது வருவது காற்றுதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மூன்றே மாதம்! சூரியனோ சென்னைக்கு நேர் உச்சியில் ஆண்டுக்கு இருமுறை வந்து நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை. மழை குறைவு, வெயில் தாராளம். தாராளமாகக் கிடைப்பதை வைத்துத்தானே குடும்பம் நடத்த முடியும்?

ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே, அறுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்த நடுத்தர உழவர் வீடு. வாசலில் திண்ணை. உள்ளே ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். பின்னால் அடுப்பங்கரை, கொல்லை, கிணறு. அந்த வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். பஞ்சாங்கம் கூடத்து ஆணியில் தொங்குகிறது. ஆச்சி அதைத் தொடுவதே இல்லை. மா மரத்தைப் பார்க்கிறார், காற்றைப் பார்க்கிறார், பத்தாயத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். அது போதும் அவருக்கு.

தையில் சம்பா அறுவடை. ஆனால் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நின்ற நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்த பிறகு தாளுக்கிடையில் அது தலை தூக்கும். அதற்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், இரவில் இறங்கும் பனி, இந்த இரண்டையும் குடித்தே வளர்ந்து பங்குனி வாக்கில் காய்த்துவிடும். பனி வெறுமனே குளிரைக் கொண்டுவரும் என்று நினைக்கிறோம். காவிரிப் படுகையில் அது ஒரு பயிருக்குத் தண்ணீர் ஊற்றியது. அந்த உளுந்துதான் சித்திரையில் அப்பளமாகிறது. அந்த அப்பளம்தான் ஐப்பசியில் இலைக்கு வருகிறது. வயலும் அடுப்பும் எப்படிக் கைகோத்து நடந்தன, பாருங்கள்.

மாசி பிறந்ததும் வீடு பரபரப்பாகிவிடும். மாவடு சந்தைக்கு வரும் காலம் அது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, காம்போடு, அடிபடாமல் இருக்க வேண்டும். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுச் சீனா ஜாடியில் நிரப்புவார்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு வடுவின் தோல் சுருங்கும். ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கும். யாரும் ஊற்றாத தண்ணீர்! காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. நீர் போன இடத்தில் கிருமிக்கு வாழ்வில்லை. சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆச்சி சொன்னது வேறு: "ஈரக் கையை உள்ளே விட்டே, தொலைஞ்சே!" இரண்டும் ஒரே அறிவியல்தான்.

அதே நாட்களில் புதுப்புளி வந்து இறங்கும். ஓடு எடுத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, உப்புத் தூவி, வெயில் காட்டி, பானையில் அழுத்தி வைத்தால் அடுத்த புளி வரும்வரை அதுதான். இராமநாதபுரத்து முண்டு மிளகாய் வரும். மல்லியோடு காய்ந்து வருடத்துப் பொடியாகும். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சேர்ந்து தாளிப்பு வடகமாக உருளும்.

ஆனால் வேனிலின் பெரிய வேலை இதெல்லாம் இல்லை. பெரிய வேலை, வடாத்துக்குக் கூழ் கிண்டுவது.

தாய்மார்களுக்குத் தெரியும். முதல் நாளே அரிசியை ஊறவைத்து அரைத்துவிட வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ஏன் மூன்று மணி? சூரியன் மேலே வரும்போது கூழ் மாடியில் இருக்க வேண்டும். ஒரு முழுப் பகல் வெயிலையும் அது குடிக்க வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். ஒருவர் மாவை ஊற்ற, இன்னொருவர் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவார். மாவின் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆகும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் போட வேண்டும். காயக் காயத் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. இந்த அளவுகளுக்கு எழுத்து ஏது? எல்லாம் கைப்பிடியிலும் நாக்கிலும் இருந்தன.

பிறகு மாடி. பழைய வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, நாழியில் பிழிந்தும் கரண்டியால் ஊற்றியும் வரிசை வரிசையாக இட வேண்டும். எட்டு மணிக்குள் முடியாவிட்டால் தரை காலைச் சுடும். முடித்துக் கீழே வந்தால் காக்கை வரும். அதற்குத்தான் வீட்டுப் பிள்ளைகள். கறுப்புக் குடையை விரித்து நட்டு, கையில் குச்சியைக் கொடுத்து நிழலில் உட்காரவைப்பார்கள். கூலி உண்டு. மாலையில், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அந்தப் பாதி வடாம்தான் கூலி. அதைத் தின்றவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் வடாம் தன்னால் கழன்று வரும். மறுநாளும் வெயில், அதற்கு மறுநாளும் வெயில். எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் டின்னுக்குப் போகும். இதற்கிடையில் மோர் மிளகாயின் கதை தனியாக நடக்கும். பகலெல்லாம் வெயிலில் காயும், இரவெல்லாம் உப்பிட்ட புளித்த மோரில் ஊறும், மோர் வற்றும்வரை இதே நடை. சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை எல்லாம் வரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஆனி பிறந்தால் காற்று கிளம்பும். காற்றோடு மண் வரும். ஆடிக் காற்றில் காய்ந்த வடாம் பல்லில் நறநறவென்று கடிபடும்.

கடற்கரை ஊர்களுக்கும் இதே கணக்குத்தான். பண்டங்கள் மட்டும் வேறு. நாகையிலும் இராமேசுவரத்திலும் நெத்திலியும் வாளையும் மணலில் காய்ந்து கருவாடாகின்றன. இன்றைக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகுவதற்கான தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் கொடி ஏறினால் படகு கரையிலேயே நிற்கும். அந்த நாட்களில் எல்லாம் சட்டியில் கொதிப்பது, முன்பு காய்ந்த வெயில்.

பனையைச் சொல்லாமல் போக முடியுமா? வேனிலில் பதநீரும் நுங்கும். ஆவணி, புரட்டாசியில் பழம். அந்தக் கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும்; மார்கழி, தையில் கிழங்கு. யாழ்ப்பாணத்து வீடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழ் அங்கே ஒரு குடும்பமே சுற்றி உட்கார்ந்து குடிக்கும் விருந்து.

இனி ஆடி. ஆடி என்றால் இன்று தள்ளுபடி விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டில் ஆடி என்பது பத்தாயத்தின் அடி தெரியும் மாதம். தையில் நிரம்பிய நெல் ஆறு மாதத்தில் இறங்கிவிடும். அதே நேரத்தில் விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது பிறகு வழக்கமாயிற்று. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் மகிழ்ச்சியோடுதான் ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துப் பெண்கள் கும்பிடுகிறார்கள், தாலிச் சரடு மாற்றிக்கொள்கிறார்கள், கலந்த சோற்றைப் பகிர்ந்து உண்கிறார்கள். ஆற்றில் நீர் நிறைகிறது. வீட்டில் நெல் குறைகிறது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. புதுமணப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்துக்கும் பருவத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்: ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிள்ளைப்பேறு, கடும் வெயிலில் தாயும் சேயும் தவிக்கக் கூடாது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அவையோரே. இதுவரை பேசியது பத்தாயம் இருந்த வீட்டின் கதை. அந்தப் பத்தாயத்தை நிரப்பியவர்கள் வீட்டில் பத்தாயம் இருந்ததா?

நடவு நட்ட பெண்ணின் வீட்டில், கதிர் அறுத்தவரின் குடிசையில், பருவம் என்றால் வேலை உண்டா இல்லையா என்பதுதான். நடவிலும் அறுப்பிலும் நெல்லாகக் கூலி கிடைக்கும். பங்குனிக்குப் பிறகு வயல் வெடித்துக் கிடக்கும், வேலை கிடையாது. அடைமழை பிடித்தாலும் வேலை கிடையாது. சேர்த்துவைக்க உபரி இருந்தால்தானே வற்றல் போட முடியும்? அந்த வீடுகளும் ஒரு பருவம் முன்னால்தான் யோசித்தன. கடன் கேட்க யாரிடம் போவது என்று யோசித்தன. தென்னங்கீற்றைப் பின்னி மழைக்கு முன் கூரை மேய முடியுமா என்று யோசித்தன. பழைய சோறும் நீராகாரமும், ஆடியில் கேழ்வரகுக் கூழும் இன்று உணவகங்களில் பெருமையாக விற்கப்படுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவை ஒரு காலத்தில் இல்லாமையைத் தாங்கிப் பிடித்த உணவுகள். இதை மறந்துவிட்டுப் பழைய வீட்டைப் புகழ்வது நேர்மையாகாது.

ஐப்பசி வந்தது. வானம் இறங்கியது. ஓட்டு வீட்டில் ஓடு மாற்றும் வேலை புரட்டாசியிலேயே முடிந்திருக்கும். விறகும் வறட்டியும் தாழ்வாரத்தில் ஏறியிருக்கும். முற்றத்தில் நான்கு பக்கமும் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும்; கீழே அண்டாவும் குடமும் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. முற்றம் வைத்த வீடுகளுக்கு அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவேண்டி இருக்கவில்லை. ரேழியில் கொடி கட்டி ஈரத் துணி தொங்கும். கைக்குழந்தை இருந்தால் கணப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்து உலர்த்துவார்கள். காய்கறிக்காரர் நான்கு நாளாக வரவில்லை. என்ன செய்வது? பரணில் இருந்து டின் இறங்கும். மணத்தக்காளி எண்ணெயில் பொரியும் வாசனை ரேழியைத் தாண்டித் திண்ணைக்கு வரும். சித்திரையில் மூன்று மணிக்கு எழுந்ததன் பலன் கார்த்திகையில் இலையில் விழுகிறது. தீபாவளிக்கு வகைவகையாகத் தின்ற வயிற்றுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த லேகியம் தயாராக இருக்கும்.

மழை ஓய்ந்ததும் சுவரெல்லாம் பூஞ்சை. மார்கழிக் கடைசியில் போகி. பழம்பாய் போகும், ஒட்டடை போகும், சுண்ணாம்பு ஏறும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை நிற்காது. சுவர் காய்ந்த வீட்டுக்குள்தான் புது நெல் வரவேண்டும்.

இப்போது இன்றைய வீட்டுக்கு வருவோம்.

இன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் எல்லா மாதமும் ஒரே மாதம். கடையில் அப்பளம், வடாம், மாவடு எல்லாம் உறையில் கிடைக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை. இது குறையா? குறையே இல்லை. பெண்களின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது என்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் முழுதாக நிமிர்ந்துவிட்டதா? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கு எடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரம் இன்னொரு பக்கம். மாடியில் வேட்டி விரிப்பது நின்றுபோன பிறகும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

பருவம் நம்மை விட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை செல்சியஸ் பதிவானது. 2023இலும் 2024இலும் வெயில் தணியவில்லை என்று பள்ளிகள் திறப்பதையே தள்ளிவைத்தார்கள். பகலெல்லாம் சூட்டை வாங்கிய கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. முற்றம் இல்லை, சூடு ஏறிப் போக வழி இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, படுகையின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தனை நாளும் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரி. அந்த வாரங்களில் ஒரு வீட்டுக்கு எது கைகொடுக்கும்? உப்பில் ஊறியது, வெயிலில் காய்ந்தது, பானையில் அடைத்தது. மின்சாரம் கேட்காத சேமிப்பு.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. அதில் நம் வீட்டுப் பெண்களின் அளவுகளைச் சொல்லும் நூல் எத்தனை? ஒரு படி அரிசிக்கு எத்தனை பிடி உப்பு, நூறு வடுவுக்கு எவ்வளவு விளக்கெண்ணெய், எந்தக் காற்று அடித்தால் வடாத்தை எடுத்துவிட வேண்டும், கூலி இல்லாத மாதத்தை எந்தக் கீரை தாங்கியது. இவை தெரிந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். மாணவச் செல்வங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். பத்தாயம் இருந்த வீட்டுப் பாட்டியிடமும் கேளுங்கள், நாற்று நட்ட பாட்டியிடமும் கேளுங்கள். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. கூழ் கிண்டும் துடுப்புக்குத் தோள்வலிமை வேண்டும். இந்தச் சித்திரையில் அதை நீங்கள் பிடியுங்கள். மாடிக்கு அண்டாவைத் தூக்கிச் செல்லுங்கள். காக்கை விரட்டப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளுங்கள். கூலியை மறக்காமல் கொடுங்கள்.

தை முடியப் போகிறது. இன்னும் சில வாரங்களில் மாவடு சந்தைக்கு வந்துவிடும். ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.